‘ஸ்பிரிங் ரோல்’ல இருக்குறது சுருள் இல்லீங்க... வசந்தம்! சீனர்களின் வசந்த காலத் தட்டில் என்னென்ன இருக்கு?

சாயங்கால நேரத்து ஃபாஸ்ட் ஃபுட் கடை. மெனு கார்டில் ‘ஸ்பிரிங் ரோல்’ என்று பார்த்ததும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது கட்டில் மெத்தைக்குள் இருக்கும் கம்பிச் சுருள்தான். சுருட்டிச் சுருட்டிப் பொரித்திருக்கிறார்களே, அதனால் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டே சாஸில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம்.

உண்மையில் அந்த ‘ஸ்பிரிங்’ சுருள் இல்லை, வசந்த காலம். சீன மொழியில் இதன் பெயர் ‘சுன்ஜுவான்’. ‘சுன்’ என்றால் வசந்தம், ‘ஜுவான்’ என்றால் சுருட்டியது. குளிர்காலம் முடிந்து மண்ணிலிருந்து முதன்முதலாக எட்டிப் பார்க்கும் இளங்கீரைகளை மெல்லிய மாவு அப்பளத்தில் வைத்துச் சுருட்டிச் சாப்பிடும் வழக்கத்திலிருந்து பிறந்த பலகாரம் இது.

ஆக, நம் தெருமுனைக் கடை வரைக்கும் வந்துவிட்ட ஒரு பதார்த்தத்துக்குள்ளேயே ‘பருவத்துக்கு ஏற்ற உணவு’ என்ற சீனர்களின் பழைய சிந்தனை ஒளிந்திருக்கிறது. வசந்தம் வந்தால் என்ன சாப்பிட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும், ஏன்? சீனப் பாரம்பர்ய மருத்துவம் இதற்கெல்லாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதில் ருசியும் உண்டு, அனுபவமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் ஆபத்தும் உண்டு. மூன்றையும் பார்ப்போம்.

வசந்தத்தைக் கடிக்கும் நாள்!

சீனாவின் பழைய நாட்காட்டி ஒரு வருடத்தை 24 பருவங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 நாட்கள். சூரியனின் நகர்வை வைத்துப் போடப்பட்ட கணக்கு. மஞ்சள் ஆற்றுப் படுகை விவசாயிகளின் அனுபவத்தில் உருவான இந்த முறை, கி.மு. 104-ல் அரசாங்க நாட்காட்டியிலேயே சேர்க்கப்பட்டது. 2016-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பாரம்பர்யச் சொத்துகளில் ஒன்றாக அறிவித்தது.

இதில் முதல் பருவம் ‘லிச்சுன்’. ‘வசந்தம் தொடங்குகிறது’ என்று அர்த்தம். பிப்ரவரி 4-ம் தேதியை ஒட்டி வரும். அன்றைக்கு பெய்ஜிங் பக்கம் போனால் குளிர் நடுங்க வைக்கும். வசந்தத்துக்கான அடையாளமே தெரியாது. ஆனாலும் வீடுகளில் ‘வசந்தத்தைக் கடிப்பது’ என்றொரு சடங்கு நடக்கும். பச்சை முள்ளங்கியை நறுக்கிக் கடிப்பார்கள். அல்லது ‘சுன்பிங்’ எனப்படும் மெல்லிய கோதுமை ரொட்டியில் முளைகட்டிய பயறு, வதக்கிய கீரை, முட்டை என வைத்து உருட்டிச் சாப்பிடுவார்கள்.

அந்தக் காலத்தில் பூண்டு, வெங்காயத்தாள் போன்ற ஐந்து காரமான பொருள்களை ஒரே தட்டில் வைத்துச் சாப்பிடும் வழக்கமும் இருந்தது. குளிர்காலம் முழுக்க உப்புக்கறியும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு மந்தமான உடம்பைத் தட்டி எழுப்புவதற்கான ஏற்பாடு அது.

கல்லீரலுக்கும் வசந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். இந்த ஐந்தையும் வைத்துத்தான் சீன மருத்துவம் உலகத்தையே விளக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம், ஒரு நிறம், ஒரு சுவை, ஓர் உறுப்பு, ஓர் உணர்ச்சி.

வசந்தத்துக்கு உரியது மரம். நிறம் பச்சை. சுவை புளிப்பு. உறுப்பு கல்லீரல். உணர்ச்சி கோபம். மரம் துளிர்த்து மேலே எழும்புவதுபோல உடம்பின் ஆற்றலும் வசந்தத்தில் மேலே எழும்புகிறது, அதைத் தடையில்லாமல் ஓடவிடுவது கல்லீரலின் வேலை என்பது அவர்களின் கணக்கு. அந்த ஓட்டம் தடைப்பட்டால் எரிச்சல், தலைவலி, கண் சிவப்பு, தூக்கமின்மை எல்லாம் வருமாம். சட்டென்று கோபப்படுகிறவரைப் பார்த்து ‘கல்லீரலில் நெருப்பு அதிகம்’ என்று சொல்வது அங்கே சாதாரணப் பேச்சு.

நமக்கு இது அந்நியமாகத் தோன்றலாம். ஆனால், ‘அவனுக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு’ என்று நாமும்தானே சொல்கிறோம்? பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். இரண்டு ஊர்ப் பேச்சும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன.

இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடிட வேண்டும். சீன மருத்துவம் சொல்லும் ‘கல்லீரல்’, ஸ்கேனில் தெரியும் கல்லீரல் அல்ல. அது பல செயல்பாடுகளுக்குச் சேர்த்து வைத்த ஒரு பெயர். ‘கல்லீரலுக்கு நல்லது’ என்று ஒரு சீனப் பாட்டி சொல்வதும், லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்வதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் புரியாமல் போகும்போதுதான் சிக்கலே தொடங்குகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

புளிப்பைக் குறை... இனிப்பைக் கூட்டு!

‘கல்லீரலின் சுவை புளிப்பு, வசந்தம் கல்லீரலின் காலம். அப்படியானால் வசந்தத்தில் புளிப்பாகச் சாப்பிட வேண்டும்!’ என்றுதானே தோன்றும்? சீன மருத்துவம் சொல்வது நேர் எதிர்.

7-ம் நூற்றாண்டில், டாங் அரச வம்ச காலத்தில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்ற மருத்துவரை சீனர்கள் ‘மருந்துகளின் அரசர்’ என்று கொண்டாடுகிறார்கள். முதலில் உணவால் குணப்படுத்தப் பார்க்க வேண்டும், அதில் சரியாகாவிட்டால்தான் மருந்துக்குப் போக வேண்டும் என்ற கொள்கை உடையவர். வசந்தத்தில் புளிப்பைக் குறைத்து இனிப்பைக் கூட்டி, மண்ணீரலைக் காக்க வேண்டும் என்பது அவர் வழிவந்த அறிவுரை.

காரணம் இதுதான். வசந்தத்தில் கல்லீரல் ஏற்கெனவே பலமாக இருக்கிறது. புளிப்பு அதை இன்னும் பலமாக்கும். கல்லீரல் ‘மரம்’, மண்ணீரல் ‘மண்’. மரம் அளவுக்கு மீறி வேர்விட்டால் மண்ணைப் பிளந்துவிடும் அல்லவா? அவர்கள் கணக்கில் மண்ணீரல்தான் செரிமானத்துக்குப் பொறுப்பு. அதனால் அதற்கு உரிய இனிப்புச் சுவையைக் கொடுத்துத் தெம்பேற்றுகிறார்கள். சண்டைக்காரப் பையனுக்கு மேலும் ஊட்டம் கொடுக்காமல், அவனிடம் அடிவாங்கும் சின்னப் பையனைத் தேற்றுகிற மாதிரி!

‘ஆஹா, இனிப்பா!’ என்று ஜாங்கிரிக்குக் கை நீட்டிவிட வேண்டாம். இங்கே இனிப்பு என்றால் சர்க்கரை இல்லை. அரிசி, தினை, கிழங்கு, கேரட், ‘ரெட் டேட்ஸ்’ போன்றவற்றில் இயல்பாக இருக்கும் மென்மையான இனிப்பு. (ரெட் டேட்ஸ் என்று பெயர் இருந்தாலும் அது பேரீச்சை அல்ல, நம் இலந்தைப் பழத்தின் நெருங்கிய சொந்தம்.)

பருவத்துக்கு ஒன்று... ருசிக்கு ஆறு!

பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மே தொடக்கம் வரை, வசந்தத்துக்குள் ஆறு பருவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி உண்டு.

*லிச்சுன் (பிப்ரவரி 4 வாக்கில்):* கதாநாயகன் ‘ஜியூசாய்’. பார்க்க வெங்காயத்தாள் மாதிரி தட்டையாக இருக்கும், வாசனை பூண்டு மாதிரி அடிக்கும். மலேசியாவில் ‘கூச்சாய்’ என்று சொல்லும் அதே கீரைதான். உடம்புக்குச் சூடு தரும் என்பது நம்பிக்கை. வசந்தத்தின் முதல் அறுவடைதான் மணம், கோடையில் வரும் கீரை நாறும் என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. முட்டையோடு வதக்குவார்கள், கொழுக்கட்டைக்குள் பூரணமாக வைப்பார்கள்.

*யூஷுய் (பிப்ரவரி 19 வாக்கில்):* ‘மழைநீர்’ பருவம். பனி குறைந்து மழை தொடங்கும். வயிற்றுக்கு இதமாகக் கஞ்சி குடிக்கும் காலம். தினையோடு ‘ஷான்யாவ்’ என்ற கிழங்கையும் ரெட் டேட்ஸையும் சேர்த்து வேகவைப்பார்கள். ஷான்யாவ், நம் சிறுவள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. தோல் சீவும்போது சேனையைப் போலவே கை அரிக்கும்.

*ஜிங்ஜே (மார்ச் 5 வாக்கில்):* ‘இடிச் சத்தத்தில் பூச்சிகள் விழிக்கும்’ பருவம். வட சீனாவில் அப்போது காற்று வறண்டு, தொண்டை கரகரக்கும், இருமல் வரும். அதனால் பேரிக்காய் சாப்பிடுவது வழக்கம். பழமாகவும் சாப்பிடுவார்கள், கற்கண்டு போட்டு வேகவைத்தும் குடிப்பார்கள்.

*சுன்ஃபென் (மார்ச் 20 வாக்கில்):* பகலும் இரவும் சமமாகும் நாள். முட்டையைச் செங்குத்தாக நிறுத்தும் விளையாட்டு அன்றைக்குத்தான். வயல் ஓரங்களில் ‘ஜீசாய்’ என்ற காட்டுக்கீரை கிடைக்கும் காலமும் இதுதான். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் கீரையை ஷாங்காய் பக்கம் பன்றி இறைச்சியோடு கொத்தி, ‘வான்டன்’ செய்வார்கள். ஹூபேய், ஹூனான் மாகாணங்களில் சீன மாதக் கணக்கில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாளன்று, ஜீசாயைக் கட்டுக்கட்டாகப் போட்டு அந்தத் தண்ணீரில் முட்டை அவித்துச் சாப்பிடுவார்கள்.

*சிங்மிங் (ஏப்ரல் 5 வாக்கில்):* முன்னோர்களின் கல்லறைகளைச் சுத்தம் செய்து வணங்கும் நாள். 2008 முதல் அரசு விடுமுறை. அன்றைய ஸ்பெஷல் ‘சிங்துவான்’ என்ற பச்சை உருண்டை. ஒட்டும் அரிசி மாவில் மாச்சிப்பச்சைச் செடியின் சாற்றைக் கலந்து, உள்ளே இனிப்புப் பயறுப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பது. கொழுக்கட்டையின் சீனத்து அத்தை மகள் என்றே சொல்லலாம். அந்தச் செடி, நம் பூக்கடையில் மணக்கும் மரிக்கொழுந்தின் சொந்தம்தான். ஹாங்ஜோ நகரில் சிங்மிங்குக்கு முன்பே பறித்த ‘லாங்ஜிங்’ தேயிலைக் கொழுந்துக்குத் தனி மவுசு.

ஃபூஜியன் மாகாணத்தில் இதே நாளில் சாப்பிடும் மெல்லிய அப்பளச் சுருள்தான் கடல் கடந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் ‘பொப்பியா’ ஆனது. அந்த ஊர்த் தமிழர்களுக்கு அறிமுகமே தேவையில்லை.

*கூயூ (ஏப்ரல் 20 வாக்கில்):* ‘தானிய மழை’, வசந்தத்தின் கடைசிப் பருவம். இதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டிய ஒன்று உண்டு. ‘சியாங்சுன்’ என்ற மரத்தின் செந்நிறத் துளிர். வெங்காயமும் பூண்டும் கலந்த மாதிரி வாசனை. வெந்நீரில் போட்டெடுத்துப் பொடியாக நறுக்கி, முட்டையோடு அடித்துப் பொரியல் செய்தால், அந்த வருட வசந்தம் நாக்கில் நிற்கும் என்பார்கள். கூயூ தாண்டினால் துளிர் நாராகிவிடும். அதனால்தான் சீசனின் முதல் துளிருக்குச் சந்தையில் இறைச்சியைவிட அதிக விலை வைப்பதும் உண்டு.

இதில் நமக்கு ஓர் ஆச்சர்யம். சியாங்சுன், வேப்ப மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதே இனத்து மரம் ஒன்றைத் தமிழில் ‘சந்தன வேம்பு’ என்றே அழைக்கிறார்கள். சித்திரை முதல் நாளில் நாம் வேப்பம்பூப் பச்சடி வைக்கும் அதே ஏப்ரலில், அவர்கள் வேம்பின் சொந்தக்கார மரத்துத் துளிரை முட்டையில் போடுகிறார்கள்.

‘கரப்பான் பண்டம்’ அங்கேயும் உண்டு!

என்ன சாப்பிடலாம் என்பதைப் போலவே, எதைத் தவிர்க்கலாம் என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. ‘ஃபா வூ’ என்று ஒரு வகை. உள்ளே அடங்கியிருக்கும் நோயைக் கிளறிவிடும் உணவுகள் என்று பொருள். ஆட்டிறைச்சி, இறால், நண்டு, சேவல் கறி போன்றவை இதில் வரும். வசந்தத்தில் தோல் அரிப்பு, ஒவ்வாமை தலைதூக்கும் என்பதால், அந்தத் தொந்தரவு உள்ளவர்கள் இவற்றைக் குறைக்க வேண்டும் என்பார்கள்.

‘கரப்பான் பண்டம், தொடாதே’ என்று நம் பாட்டிமார் கருவாட்டையும் கத்திரிக்காயையும் ஒதுக்கி வைப்பது ஞாபகம் வருகிறதா? அதேதான். சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பிரிப்பதும் இரண்டு ஊருக்கும் பொது. ஒரு வித்தியாசம், நமக்கு அறுசுவை, அவர்களுக்கு ஐஞ்சுவை. துவர்ப்பைத் தனியாக எண்ணாமல் புளிப்போடு சேர்த்துவிடுகிறார்கள்.

உணவு தவிர, நடைமுறைக்கும் குறிப்புகள் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகள் பழைமையான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்ற மருத்துவ நூல், வசந்தத்தில் அதிகாலையில் எழுந்து, இறுக்கமில்லாத உடையில் முற்றத்தில் காலாற நடக்கச் சொல்கிறது. வெயில் தலைகாட்டியதும் கம்பளி உடையைக் கழற்றி எறியக் கூடாது என்பது ஊர்ப் பெரியவர்களின் அறிவுரை.

இன்றைய இளைஞர்கள்? அவர்களும் விட்டுவிடவில்லை. தெர்மாஸ் ஃபிளாஸ்கில் சாமந்திப்பூவும் சிவந்த கோஜி பெர்ரியும் போட்டு வெந்நீர் ஊற்றி ஆபீஸுக்கு எடுத்துப் போகிறார்கள். ‘கல்லீரலின் ஜன்னல் கண்’ என்பது சீன மருத்துவக் கணக்கு. நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்க்கும் கண்ணுக்கு இந்தத் தேநீர். ராத்திரி 2 மணி வரை செல்போன் நோண்டிவிட்டு காலையில் கோஜி தண்ணீர் குடிப்பவர்களைக் கேலி செய்ய, ‘பங்க் ஆரோக்கியம்’ என்று ஒரு பட்டப்பெயரும் அங்கே புழங்குகிறது!

உண்மை எவ்வளவு... நம்பிக்கை எவ்வளவு?

இனிதான் முக்கியமான பகுதி.

பாரம்பர்ய அறிவில் பொக்கிஷங்கள் உண்டு என்பதற்குச் சீனாவே சாட்சி. மாச்சிப்பச்சையின் இனத்தைச் சேர்ந்த ‘சிங்ஹாவ்’ என்ற செடி பற்றி, 4-ம் நூற்றாண்டின் மருத்துவக் குறிப்பு ஒன்றில் இருந்த தகவல்தான் விஞ்ஞானி தூ யூயூவுக்கு வழிகாட்டியது. காய்ச்சலுக்கு அந்தச் செடியைக் கொதிக்கவைக்காமல், தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது அந்தக் குறிப்பு. ‘சூடு படுத்தினால் மருந்து கெட்டுவிடுகிறதோ?’ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் சாறு பிரித்தார். மலேரியாவுக்கு எதிரான ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. 2015-ல் நோபல் பரிசும் வந்தது.

ஆனால் கவனியுங்கள். பழைய குறிப்பு கொடுத்தது துப்பு மட்டும்தான். அது மருந்தாக மாறியது பரிசோதனைக்கூடத்திலும், நோயாளிகளிடம் நடத்திய முறையான ஆய்விலும்தான்.

வசந்த உணவுகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பருவத்தில் விளையும் கீரை, கிழங்கு, தானியம், அளவான எண்ணெய், அதிகாலை நடை ஆகியவற்றை எந்த டாக்டரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால், ‘பச்சை நிற உணவு கல்லீரலைச் சுத்தம் செய்யும்’ என்பதை ஸ்கேனில் தெரியும் கல்லீரலுக்குப் பொருத்தினால், அதற்கு நிரூபணம் கிடையாது.

சீனர்களின் கல்லீரலை நிஜமாகவே காப்பாற்றியது எது தெரியுமா? தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் அங்கே பெரும் பிரச்னையாக இருந்தது. 1992-ல் எடுத்த கணக்கின்படி, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 100-க்கு ஏறக்குறைய 10 பேர் உடம்பில் அந்த வைரஸ் இருந்தது. 2002-ல் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி சேர்க்கப்பட்டது. 2006 கணக்கெடுப்பில் அதே வயதுக் குழந்தைகளில் 100-க்கு ஒருவர் என்ற அளவுக்கு அது இறங்கிவிட்டது. எத்தனை வசந்தத்துக்குக் கீரை சாப்பிட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

நம்பிக்கை வியாபாரமானால் என்ன ஆகும் என்பதையும் சீனா பார்த்துவிட்டது. 2010-ல் டி.வி மூலம் புகழ்பெற்ற ஓர் ‘உணவு நிபுணர்’, பச்சைப்பயறு கஷாயமும் பச்சைக் கத்திரிக்காயும் சர்க்கரைநோய் உட்பட பல நோய்களைக் குணமாக்கும் என்றார். அவர் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அவரைப் பார்க்கப் பெரும் கட்டணம் கட்டிக் காத்துக் கிடந்தார்கள். அந்த நேரத்தில் பச்சைப்பயறு விலை எகிறியதற்கு அவரும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. கடைசியில் விசாரித்தால், அவர் சொல்லிக்கொண்ட தகுதிகளே பொய். அவருடைய மையத்தை இழுத்து மூடினார்கள். அதற்குள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பயறு குடித்தவர்களின் நிலைமை? பயறு நல்ல உணவுதான். ஆனால், அது இன்சுலின் இல்லையே!

இவர்கள் ஜாக்கிரதை!

* காட்டுக்கீரை பறிப்பவர்கள்: சியாங்சுன் மரத்தைப் போலவே தோற்றம் கொண்ட, நாற்றமடிக்கும் வேறொரு மரம் சீனாவில் உண்டு. மாற்றிப் பறித்துவிட வாய்ப்பு அதிகம். பூங்காவிலும் சாலையோரத்திலும் பறிக்கும் கீரையில் பூச்சிமருந்தும் வாகனப் புகையும் படிந்திருக்கும். தெரியாத இலையைத் தொடக் கூடாது.

* சியாங்சுன் சாப்பிடுபவர்கள்: துளிர் முற்ற முற்ற அதில் நைட்ரைட் அளவு கூடும். இளந்துளிராக வாங்கி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும்.

* மூங்கில் குருத்து: வசந்தத்தின் இன்னொரு செல்லம் இது. ஷாங்காயில் உப்புக்கறியோடு சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு சூப் வைப்பார்கள். பச்சைக் குருத்தில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால்தான் பாதுகாப்பு.

* மாத்திரை எடுப்பவர்கள்: ரத்தம் உறையாமல் இருக்க ‘வார்ஃபரின்’ எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் கோஜி பெர்ரி பக்கம் போகவே கூடாது. ரத்தக்கசிவு அபாயம் கூடியதாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. திடீரென்று கீரையின் அளவைக் கூட்டினாலும் மருந்தின் வேலை மாறும்.

* ‘கல்லீரல் டானிக்’ தேடுபவர்கள்: ‘ஹே ஷோ வூ’ என்ற வேர், கல்லீரலுக்குப் பலம் தரும், நரைமுடியைக் கருப்பாக்கும் என்று விற்கப்படுகிறது. அந்த வேரே கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் பதிவாகி, சீன அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஆன்லைனில் பார்த்து வாங்கிவிட வேண்டாம்.

* சர்க்கரைநோயாளிகள்: ‘இனிப்பைக் கூட்டு’ என்ற அறிவுரை உங்களுக்கானது அல்ல. தினை, கிழங்கு, ரெட் டேட்ஸ் எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான். அளவு முக்கியம்.

நாமும் இப்படிச் சாப்பிடலாமா?

சீனாவுக்குள்ளேயே ஒரே வசந்தம் ஊருக்கு ஊர் மாறுகிறது. பெய்ஜிங்கில் புழுதிக்காற்றும் வறட்சியும், அங்கே பேரிக்காய். தெற்கே குவாங்டாங்கில் சுவரே வியர்க்கும் அளவுக்கு ஈரக்காற்று, அங்கே உடம்பின் ‘ஈரத்தை’ வெளியேற்றும் பயறு, தானிய சூப்புகள். ஒரே மருத்துவ முறை, ஒரே பருவம், ஆனால் தட்டு வேறு. காலத்தை மட்டுமல்ல, இடத்தையும் ஆளையும் பார்த்துத்தான் உணவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது சீன மருத்துவத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று.

அப்படியிருக்க, அவர்களின் பட்டியலை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியுமா? அவர்களின் வசந்தம் பிப்ரவரி தொடங்கி மே தொடக்கத்தில் முடிகிறது. அது நம் கணக்கில் பெரும்பாலும் மாசி, பங்குனியின் பின்பனிக்காலம். கடைசியில் சித்திரையின் இளவேனில் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. ஏப்ரலில் ஹாங்ஜோவில் இதமான மழை பெய்யும்போது, வேலூரில் வெயில் மண்டையைப் பிளக்கும். குளிர் போக்க அவர்கள் சாப்பிடும் சூட்டுப் பண்டம், நமக்கு எதற்கு? நமக்கு நீர்மோரும் நுங்கும் வெள்ளரியும் காத்திருக்கின்றன.

ஆனால், ஒன்றை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தினைக் கஞ்சி! அவர்கள் யூஷுய் பருவத்தில் குடிப்பது நம் தினையேதான். இந்தத் தானியத்தை ஆதியில் பயிராக்கியது வட சீன விவசாயிகள் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

தினை - கிழங்குக் கஞ்சி (4 பேருக்கு): அரை கப் தினையைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைக்கவும். சிறுவள்ளிக்கிழங்கு 150 கிராமை நன்றாக வேகவைத்து, தோலுரித்துச் சிறு துண்டுகளாக்கவும். கொட்டை நீக்கிய ரெட் டேட்ஸ் 6 (கிடைக்காவிட்டால் பேரீச்சை 3). அடிகனமான பாத்திரத்தில் 5 கப் தண்ணீர் கொதித்ததும் தினையையும் பழத்தையும் சேர்த்து, சிறு தீயில் அவ்வப்போது கிளறிவிட்டு 30 நிமிடம் வேகவிடவும். குழைந்து வந்ததும் கிழங்கைப் போட்டு 5 நிமிடத்தில் இறக்கவும். சர்க்கரை தேவையில்லை. சின்னக் குழந்தை முதல் பல் இல்லாத தாத்தா வரைக்கும் குடிக்கலாம்.

மீனுக்கும் ஒரு வசந்தம் வேண்டும்

பருவ உணவின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. யாங்சே ஆற்றில் கத்தி போன்ற உடலோடு ஒரு வெள்ளி நிற மீன் வரும். பெயரே ‘கத்தி மீன்’. முட்டையிடுவதற்காக வசந்தத்தில் கடலிலிருந்து ஆற்றில் ஏறும். சிங்மிங்குக்கு முன் அதன் முள் மெத்தென்று இருக்கும், பிறகு இறுகிவிடும் என்பதால், அந்தச் சில வாரங்களுக்கு எல்லோரும் போட்டி போட்டு வாங்கினார்கள். விலை விண்ணைத் தொட்டது. மீன் அருகிப்போனது. கடைசியில் யாங்சே ஆற்றில் 2021 ஜனவரி 1 முதல் 10 ஆண்டுகளுக்கு மீன்பிடிக்கவே சீன அரசு தடை போட்டது.

பருவத்தில் கிடைப்பதைச் சாப்பிட வேண்டும் என்ற பழைய பாடத்தின் அர்த்தம், கிடைக்கும் அத்தனையையும் சாப்பிட்டு முடிப்பது இல்லை. அடுத்த வருடத் துளிருக்கும் கிளையில் இடம் விட்டு வைப்பதுதான். சியாங்சுன் மரத்தில் துளிர் கிள்ளும் கிராமத்துப் பெரியவர்கள், ஒரே மரத்தை மொட்டையடிக்க மாட்டார்கள்.

அடுத்த முறை குழந்தைகள் ஸ்பிரிங் ரோல் கேட்டு அடம்பிடித்தால், வாங்கிக்கொடுக்கும்போது அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் வசந்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியே, வீட்டுக்குத் திரும்பும் வழியில் இந்த மாதம் சந்தையில் மலிவாக, புதிதாக என்ன கீரை வந்திருக்கிறது என்று பார்த்து ஒரு கட்டு வாங்கிப் போங்கள். அதற்கு எந்த நாட்டு மருத்துவரின் சீட்டும் தேவையில்லை!